எரிமலைக் கண்ணாடி சென்ற வழி

(சொற்பொழிவின் எழுத்து வடிவு)

 

மாந்தன் எழுதக் கற்றுக்கொண்டு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. கல்லை உடைத்துக் கருவி செய்யத் தொடங்கியதோ 25 இலக்கம் ஆண்டுகட்கும் முந்தியது. எழுத்தில்லா அந்நெடுங்காலத்தில் மாந்தர் எவ்வளவு தொலைவு சென்றனர்? யாரோடு யார் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர்? கடலைக் கண்டு அஞ்சி நின்றனரா, கடந்து சென்றனரா? இவற்றிற்கு விடைகூற ஓலையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆயினும், வெட்டெழுத்து ஒன்றேனும் இல்லாமலே தன் பிறந்த ஊரைச் சொல்லும் கல் ஒன்று உண்டு. அதுவே எரிமலைக் கண்ணாடி.

பெருந்தொலைவுப் போக்குவரத்தென்பது நகரும் அரசும் சந்தையும் தோன்றிய பின்னரே ஏற்பட்டது என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றியுள்ளது. அரசன் ஆணையிட, வணிகன் கலம் செலுத்த, அதன்பின்னரே பொருள் ஊர்விட்டு ஊர் சென்றது என்று கருதுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணம் தவறென்று காட்டிய சான்றுகளுள் தலையாயது இக்கல். அது காட்டியவாற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

எரிமலை கக்கிய பாறைக்குழம்பு, படிகமாக உருக்கொள்ளுமுன்னரே இறுகிவிடுமாயின், அஃது இயற்கைக் கண்ணாடியாகின்றது. எல்லா எரிமலையும் இதனைத் தருவதில்லை. குழம்பில் சிலிக்கா எனப்படும் மணற்கூறு நூற்றுக்கு 70 பங்களவோ அதனினும் மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். அத்தகைய குழம்பு தடித்த பாகு போன்றது. அதனுள் அணுக்கள் ஒழுங்குற அடுக்கிக்கொள்ள இயலாது, அமைந்தவாறே உறைந்துவிடும். தக்கணத்தில் பரந்து உறைந்து கிடக்கும் எரிமலைப் பாறையோ மணற்கூறு குறைந்த கரும்பாறை. ஆகலின் எரிமலைக் கண்ணாடி தென்னாட்டார்க்குப் பழக்கமான கல்லன்று. தென்பாண்டித் தேரிகளிற் கிடைக்கும் நுண்கற்கருவிகள் வெண்கல்லாலும் சிக்கிமுக்கி வகைக் கற்களாலும் ஆனவை.

இக்கல் பெரும்பாலும் கருநிறத்தது. சாம்பல், பச்சை, செம்மை கலந்தும் காணப்படும். தட்டினால், உடைந்த முகம் சிப்பியின் உட்புறம் போல் வளைந்து வழவழப்பாக இருக்கும். அதன் விளிம்பு, செவ்வையாகத் தீட்டிய எஃகுக் கத்தியினும் மெல்லியது. தோல் உரிக்கவும், இறைச்சி அறுக்கவும், மரம் சீவவும் இதனினும் கூரிய பொருள் அப்பழங்காலத்தில் வேறொன்றில்லை. கைத்திறன் வாய்ந்தோர் ஒரு கற்கருவிலிருந்து சீரான அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பெயர்த்தெடுத்தனர். மாழை அறியாக் காலத்து மாந்தர்க்கு இஃது எத்துணை அரிய பொருளாக இருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதன் ஆங்கிலப் பெயர் வந்த வரலாறு சுவையானது. உரோம நாட்டுப் பிளினி என்னும் அறிஞர், எத்தியோப்பியாவில் ஒப்சியசு என்பான் கண்டெடுத்த கல்லோடு ஒப்புமையுடையது என்று இதனைக் குறித்தார். ஏடு பெயர்த்தெழுதியோர் அவன் பெயரை ஒப்சிடியசு எனத் திரித்துவிட்டனர். அத்திரிபே 'ஒப்சிடியன்' என ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. ஒருவன் பெயரின் பிழைபட்ட வடிவம் அது. கல்லின் இயல்பைப் பற்றி ஒன்றும் கூறாது. 'எரிமலைக் கண்ணாடி' என்னும் தமிழ்ச்சொல்லோ பிறப்பையும் இயல்பையும் ஒருங்கே உணர்த்துகின்றது. மேலும் ஒரு பொருத்தம் உண்டு. 'ஆடி' என்பது முகம் பார்க்கும் பொருளுக்குப் பழந்தமிழ்ப் பெயர். கண்ணாடி என்னும் சொல் முகம் பார்க்கும் பொருளையும் அதற்கு மூலமான பொருளையும் ஒருசேரக் குறிக்கும். உலகில் இதுகாறும் அறியப்பட்ட மிகப் பழைய முகம்பார்க்கும் ஆடிகளும் இவ்வெரிமலைக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிச் செய்யப்பட்டவையே! அவை கிடைத்த இடம் பின்னர்க் கூறப்படும்.

கல்லின் பிறப்படையாளம்

ஒரு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்து, இஃது எந்த மலையிற் பிறந்தது என்று கேட்டால் விடை கூறுவது அரிது. ஒரே படிவில் ஒருபுறம் ஒரு கலப்பும் மறுபுறம் வேறு கலப்புமாக அஃது அமைந்திருக்கும். எரிமலைக் கண்ணாடி அத்தகையதன்று. ஒருமுறை பெருகி வழிந்த குழம்பு, பெரும்பாலும் முழுமையும் ஒரே கலப்பினதாக உறைகின்றது. அதிலுள்ள மணற்கூறு முதலிய பெரும்பொருள்கள் எல்லா மலைக்கும் ஏறத்தாழப் பொதுவானவை. அவற்றால் வேறுபாடு தெரியாது. ஆனால் பத்திலக்கத்தில் சில பங்கு, சிலநூறு பங்கு என்னும் அளவில் கலந்திருக்கும் பேரியம், சிர்க்கோனியம், உருபீடியம் முதலிய தனிமங்கள் மலைக்கு மலை மாறுபடும். மாந்தர்க்குக் கைவரி எவ்வாறோ, எரிமலைக் கண்ணாடிக்கு அச்சிறு தனிமங்களின் அளவு அவ்வாறு.

இதனைத் தொல்லியலுக்குப் பயன்படுத்தி முறையான வழி வகுத்தோர் மூவர். கேன், கோலின் இரென்புரூ ஆகிய இருவரும் 1964-ஆம் ஆண்டு நடுநிலக்கடற் பகுதிக் கற்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பின்னர்த் திக்சனும் சேர்ந்துகொள்ள, 1966-இலும் 1968-இலும் அண்மைக் கிழக்கு நாடுகளைப் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. கல்லின் சிறு துணுக்கைப் பொடித்து, மின்பொறியில் எரித்து, அவ்வொளியைப் பகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோட்டைக் காட்டும். பேரியத்தின் அளவை ஒரு பக்கமும் சிர்க்கோனியத்தின் அளவை மறுபக்கமும் குறித்து வரைந்தபோது, ஒவ்வொரு மலையின் கல்லும் தனித்தனிக் கூட்டமாக நின்றது. எங்கோ ஓர் ஊர்மேட்டில் அகழ்ந்தெடுத்த அலகு எந்தக் கூட்டத்தில் விழுகின்றதோ, அந்த மலையே அதன் தாய்.

பின்னர் நியூட்ரான் துகள்களாலும் ஊடுகதிராலும் ஆய்ந்தறியும் முறைகள் வந்தன. இன்று கையில் ஏந்தும் கருவியைக் கல்லின்மேல் வைத்து, அதனைச் சிறிதும் சிதைக்காமலே சில நொடிப் பொழுதில் அளவறிய இயலுகின்றது. காட்சியகப் பேழையிலுள்ள கல்லும் இதனால் வாய்திறந்தது.

இம்முறை வருமுன் அறிஞர்கள் நிறத்தையும் அண்மையையும் கொண்டே உய்த்துணர்ந்தனர். அதனால் விளைந்த பிழைக்கு எடுத்துக்காட்டு சாத்தல் ஊயூக்கு என்னும் ஊர். துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் கி.மு. 7100 முதல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு மேல் செழித்திருந்த பேரூர் அது. தெருவில்லை, வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, கூரையின் வழியே உள்ளே இறங்கினர், இறந்தோரை வீட்டுத் தரையின்கீழ்ப் புதைத்தனர். 1961 முதல் 1965 வரை அதனை அகழ்ந்த சேம்சு மெல்லார்ட்டு, எரிமலைக் கண்ணாடியாலான கருவிகளை ஏராளமாகக் கண்டார். பெண்டிர் சிலரின் இடுகுழிகளில் மெருகேற்றிய ஆடிகளும் கிடைத்தன. முன்னர்க் குறித்த ஆடிகள் இவையே. அவ்வூரிலிருந்து தெளிந்த நாளில் ஆசன் மலை என்னும் எரிமலை கண்ணுக்குத் தெரியும். அம்மலையே இக்கல்லைத் தந்தது என்றும், அதுவே அவ்வூரின் செல்வத்திற்கு ஊற்றென்றும் கருதப்பட்டது. தனிம ஆய்வோ வேறு கூறியது. கற்களுள் மிகப் பெரும்பாலானவை கப்பதோக்கியாவிலுள்ள கொல்லு மலை, நெனேசி மலை என்னும் இரண்டிலிருந்து வந்தவை. அவை அவ்வூர்க்கு 150 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் உள்ளன. அஃதன்றி, 650 கி.மீ.க்கும் அப்பால் கிழக்கேயுள்ள மலைகளின் கல்லும் சிறிதளவு அங்கே வந்து சேர்ந்திருந்தமை 2008-இல் வெளிவந்த ஆய்வால் தெளிவாயிற்று. கண்ணுக்குத் தெரிந்த மலை கைக்கு வந்த கல்லைத் தரவில்லை. கண்ணுக்குத் தெரியாத மலைகளே தந்தன.

தொலைவும் அளவும்

பிறப்பிடம் தெரிந்தபின், கல் எவ்வாறு பரவிற்று என்னும் வினா எழுகின்றது. இரென்புரூவும் உடனாய்வாளரும் ஒவ்வோர் ஊரிலும் கிடைத்த உடைகற்கருவிகளுள் எரிமலைக் கண்ணாடியின் பங்கு எவ்வளவென்று கணக்கிட்டனர். மலையிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. எல்லைக்குள் அமைந்த ஊர்களில் அது நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் இருந்தது. அவ்வெல்லையைக் கடந்ததும் அளவு விரைந்து குறைந்தது. கப்பதோக்கியாவிலிருந்து நேர்க்கோட்டில் 700 கி.மீ.க்கு மேல் தெற்கேயுள்ள எரிகோ நகரில் மிகச் சிறு பங்கே காணப்பட்டது. ஆயினும் அங்கும் அது வந்து சேர்ந்திருந்தது என்பதே கருதத்தக்கது.

இக்குறைவிற்கு அவர்கள் கூறிய விளக்கம் எளியது. ஓர் ஊரார் தமக்குக் கிடைத்ததில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, எஞ்சியதை அடுத்த ஊரார்க்குக் கொடுக்கின்றனர். அவ்வூரார் அங்ஙனமே அதற்கடுத்த ஊரார்க்குக் கொடுக்கின்றனர். ஒவ்வோர் ஊரும் பாதியை நிறுத்திக்கொள்வதாகக் கொண்டால், முதலூரிலிருந்த 100 பங்கு அடுத்தடுத்து 50, 25 எனத் தேய்ந்து, ஏழு கைம்மாறிய அளவில் ஒரு பங்கிற்கும் குறைந்துவிடும். ஒருவரும் தம் அண்டை ஊர்க்கு அப்பாற் செல்லாமலே கல் மட்டும் பல நூறு கல் தொலைவு சென்றுவிடுகின்றது! மணக்கொடையாகவும், விருந்தின் பரிசாகவும், பண்டமாற்றாகவும் அது கைம்மாறியிருக்கலாம். இதற்கு அரசனும் வேண்டுவதில்லை, காசும் வேண்டுவதில்லை, அண்டையாரோடு நல்லுறவு ஒன்றே போதும்.

இவ்விளக்கத்தையும் பின்வந்தோர் அப்படியே ஏற்றுக்கொண்டாரில்லை. இயன் ஓடர், கிளைவ் ஓர்ட்டன் ஆகியோர் 1976-இல், இத்தகைய குறைவுக்கோடு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளாலும் உண்டாகக்கூடும் என்று காட்டினர். பலர் பல திசையிலும் நோக்கமின்றித் திரிந்து பொருளை விட்டுச்சென்றாலும் ஏறத்தாழ இதே கோடு வரும். ஆகவே கோட்டை மட்டும் பார்த்து வழியை முடிவுசெய்தல் கூடாது. அலகின் அளவு, கற்கரு கிடைத்ததா, செதிள்கள் எங்கே விழுந்தன என்பனவற்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டும் என்பது இன்றைய அறிஞர் துணிபு.

கடல் கடந்த கல்

நிலத்தில் கைம்மாறிய கதை இது. கடலின் கதை இதனினும் வியப்பானது.

கிரேக்க நாட்டின் தென்கிழக்கே ஏகியன் கடலில் மீலோசு என்னும் தீவு உண்டு. அதில் இரண்டு இடங்களில் எரிமலைக் கண்ணாடி மிகுதியாகக் கிடைக்கின்றது. கிரேக்கப் பெருநிலத்தில் ஆர்கோலிசுப் பகுதிக் கரையில் பிராங்குத்தி என்னும் குகை உள்ளது. 1967 முதல் 1976 வரை அஃது அகழப்பட்டது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகட்கு முற்பட்ட மண்ணடுக்கிலேயே மீலோசுத் தீவின் கல் அங்கே கிடைத்தது. குகைக்கும் தீவிற்கும் இடைத்தொலைவு 100 கி.மீ.க்கு மேல். பனிக்காலத்தின் இறுதியில் கடல்மட்டம் இன்றினும் தாழ்ந்திருந்தது உண்மையே. தீவுகளும் பெரியனவாக இருந்தன. அற்றேல் நடந்தே சென்றிருக்கலாமே எனின், அன்று. அப்பொழுதும் மீலோசு கடல்சூழ்ந்த தீவே. படகின்றி அங்குச் செல்ல இயலாது.

அக்காலத்து அக்குகை மாந்தர் யார்? ஏர் பிடித்தாரல்லர், மட்பாண்டம் வனைந்தாரல்லர், வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் மீன்பிடித்தும் வாழ்ந்தோர். அங்கு உழவு தோன்றியது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னரே. அவர்தம் படகு ஒன்றும் கிடைக்கவில்லை. மரமும் நாணலும் தோலும் மட்கிப் போயின. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருங்கல் துணுக்கு, படகிருந்தது, வழியறிந்திருந்தனர், சென்றோர் மீண்டும் வந்தனர் என்னும் மூன்றையும் ஐயமற நிறுவுகின்றது.

அத்தீவிலேயே பின்னொரு காலத்தில், வெண்கலக் காலத்தில், பிலக்கோப்பி என்னும் நகர் எழுந்தது. 1896 முதல் 1899 வரை அதனை அகழ்ந்தோர், எரிமலைக் கண்ணாடி வணிகத்தைத் தன் கையில் வைத்திருந்தமையாலேயே அந்நகர் வளம் பெற்றதெனக் கருதினர். இராபின் தொரன்சு என்னும் ஆய்வறிஞர் கல் எடுத்த இடங்களை அடியடியாக ஆய்ந்து 1986-இல் நூல் வெளியிட்டார். காவலோ வேலியோ, தனித்த கைவினைஞர் குடியிருப்போ, ஒருசாரார் மட்டும் உரிமைகொண்டாடிய அடையாளமோ அங்குக் காணப்படவில்லை. கரையில் படகை நிறுத்தி, வேண்டிய கல்லைத் தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு, பலரும் தத்தம் ஊர்க்குத் திரும்பியிருக்கின்றனர். நகர் வளர்ந்து வணிகத்தை உண்டாக்கவுமில்லை. வணிகத்தைப் பூட்டி வைத்து நகர் வளரவுமில்லை. அந்நகர் தோன்றுமுன் எத்தனையோ தலைமுறையாக அக்கல் பொதுச்சொத்தாக இருந்து வந்தது.

மீலோசு ஒன்றே இத்தகையது எனக் கருத வேண்டா. சப்பானில் ஓன்சூப் பெருந்தீவின் தெற்கே கடலில் உள்ள கோசுத் தீவின் கல், ஏறத்தாழ 38,000 ஆண்டுகட்கு முன்னரே பெருந்தீவிற்கு வந்துள்ளது. போன வழியே மீண்டு வந்த கடற்செலவிற்கு உலகில் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அஃதொன்று. பப்புவா நியூகினியின் நியூபிரிட்டன் தீவிலுள்ள தலசேயாக் கல் ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் அண்டைத் தீவாகிய நியூ அயர்லாந்தை அடைந்தது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகட்கு முன், இலப்பித்தா என்னும் மட்பாண்டப் பண்பாட்டினர் கிழக்கு நோக்கிப் பரவிய காலத்தில், அக்கல் கிழக்கே பிசித் தீவு வரையிலும் மேற்கே போர்னியோவின் சபாக் கரை வரையிலும் சென்றது. ஒவ்வொரு பக்கமும் 3,000 கி.மீ.க்கு மேல்! அவருள் ஒருவரிடத்தும் ஏடில்லை, மாழையில்லை.

நிலத்தின் தொன்மைக்கு வருவோமாயின், கெனியா நாட்டின் ஒலோர்கேசைலி என்னுமிடத்தில் 2,95,000 முதல் 3,20,000 ஆண்டுகட்கு முற்பட்ட அடுக்குகளில் எரிமலைக் கண்ணாடிக் கருவிகள் கிடைத்தமை 2018-இல் வெளியாயிற்று. அருகே அக்கல் இல்லை. சில துணுக்குகள் 90 கி.மீ.க்கு மேற்பட்ட வழியிலிருந்து வந்தவை. மாந்த இனம் முகிழ்த்த விடியலிலேயே, ஒரு கூட்டம் தன் எல்லைக்கு அப்பாலுள்ள நிலத்தையோ கூட்டத்தையோ அறிந்திருந்தது என்பதற்கு அஃது அறிகுறி.

வட அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு வகை. ஒகையோவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன் மண்மேடுகள் எழுப்பிய ஓப்புவெல் பண்பாட்டினரிடத்து எரிமலைக் கண்ணாடியாலான பெரிய ஈட்டி முனைகள் இருந்தன. 1969-இல் கிரிபின், கோர்டசு, இரைட்டு ஆகியோர், அக்கல் 2,000 கி.மீ.க்கு அப்பாலுள்ள எல்லோசுட்டோன் பகுதியிலிருந்து வந்ததென நிறுவினர். இங்குப் படிப்படியான தேய்வு இல்லை. இடைப்பட்ட நிலத்தில் மிக அரிது. சென்றடைந்த ஒரே மேட்டில் 136 கிலோ எடையுள்ள கல் குவிந்திருந்தது. ஊர்தோறும் கைம்மாறி வந்திருப்பின் இவ்வாறு குவியாது. ஒருசிலர் நேரே சென்று ஒருமுறையோ சிலமுறையோ கொண்டுவந்திருத்தல் வேண்டும் என்று கிரிபின் கருதினார். ஒரே வகைக் கல், இருவேறு வழி. அளவும் கிடந்த முறையும் அவ்வழிகளைப் பிரித்துக் காட்டுகின்றன.

கல் சொல்லுவதும் சொல்லாததும்

அவையோரே! இறுதியாகக் கூறவேண்டியது ஒன்றுளது. அதுவே இவ்வுரையின் பயன்.

இக்கல் தான் பிறந்த மலையைச் சொல்லும். எந்த அடுக்கில் கிடந்ததோ அவ்வடுக்கின் காலத்திற்குள் அவ்விடம் வந்து சேர்ந்ததைச் சொல்லும். இவ்விரண்டிற்கு அப்பால் அது வாய்திறவாது. தன்னை எடுத்து வந்தவன் பேசிய மொழி யாதென்று அது சொல்லாது; அவன் குலம் யாதென்று சொல்லாது; அன்பளிப்பாக வந்ததா, கொள்ளையாக வந்ததா என்றும் தானே சொல்லாது. எரிகோவிற் கிடைத்த கப்பதோக்கியக் கல்லைக் கொண்டு, கப்பதோக்கிய மக்கள் எரிகோவை ஆண்டனர் என்று எழுதின் அது நகைப்பிற்கிடமாகும். பொருள் சென்றது வேறு; மக்கள் சென்றது வேறு; ஆட்சி சென்றது வேறு.

அண்மையிலிருந்தமையால் ஆசன் மலையையும், பெருமையுற்றிருந்தமையால் பிலக்கோப்பி நகரையும் நம்பியோர் அறிவிற் குறைந்தோரல்லர். கடுமையாக உழைத்த அகழ்வாளர்களே. கண்முன் நின்ற மலையும் கட்டடமும் அவர்தம் முடிவை முந்திக்கொண்டன. அளந்து பார்த்தபோது உண்மை வேறிடத்தில் இருந்தது. ஆனால் அவ்வுண்மை முன்னைய கருத்தினும் பெருமை குறைந்ததன்று. நகருக்கும் அரசுக்கும் உரியதென்று எண்ணப்பட்ட பெருமை, பெயரறியா வேட்டுவர்க்கும் மீனவர்க்கும் உரியதாயிற்று. அளவையால் மாந்தனின் தொன்மைப் புகழ் குன்றவில்லை. உரியவரைச் சென்று சேர்ந்தது.

தொன்மை பேசும் எவரும், எந்த நாட்டின் தொன்மையைப் பேசினும், இந்நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒரு பானையோட்டையோ மணியையோ கல்லையோ கண்டவுடன், அது தாம் விரும்பியதைச் சொல்லுவதாகக் கொள்ளற்க. அஃது எங்குப் பிறந்தது, எந்த அடுக்கிற் கிடந்தது, எவ்வளவு கிடைத்தது, உடன் யாவை கிடந்தன என்னும் நான்கையும் முதலில் கேட்க வேண்டும். விடை வந்தபின் அதற்கு மிகையாக ஒன்றும் கூட்டாமலும், அஞ்சி ஒன்றும் குறைக்காமலும் உரைக்க வேண்டும். அவ்வாறு உரைக்கப்பட்ட தொன்மையை மாற்றார் எவரும் எளிதில் அசைக்க இயலாது. இளைஞர்கள் வேதியியலும் மண்ணியலும் கற்று அகழாய்வுக் களத்திற்கு வருவார்களாக! கல் பேசக் காத்திருக்கின்றது. கேட்கக் கற்றவர்களே வேண்டும்.